வெளிச்சம் சரியாக விழும்வரை அஸ்திவாரம் வேண்டாம்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவளும் நலம். தனித்தனியாக விசாரித்தால் இருவருமே நலம். சேர்த்து விசாரித்தால், மூன்று நாட்களாக அவள் என்னிடம் அடி, அங்குலக் கணக்கில் மட்டும்தான் பேசுகிறாள். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், உங்கள் இடது முழங்கால் சாரம் ஏறி இறங்கும் வேலைக்கு மறுபடி ஒத்துழைக்கவும் வேண்டுகிறேன்.

நேற்று நீங்கள் சொல்லியனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. "திங்கக்கிழமை காலைல ஆளுங்களோட வர்றேன் மாப்பிள்ள. அஸ்திவாரம் தோண்டிடலாம். இத விட்டா எனக்குப் பள்ளிக்கூடக் கட்டட வேலை. ரெண்டு வருஷத்துக்கு என்னைத் தேடாதீங்க" என்று சொன்னீர்களாம். உங்கள் கைபேசிக்குள் சிமெண்ட் புகுந்ததிலிருந்து அது எடுக்கும் அழைப்பைவிட விழுங்கும் அழைப்பே அதிகம் என்பதால் பதிலைக் கடிதமாக எழுதுகிறேன். மணல் லாரி ஓட்டுநர் நாளைக்கு உங்கள் பக்கம் வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புவதாக உங்கள் தங்கை சொல்லியிருக்கிறாள். கடிதத்தை ஒட்டாமல் தரச் சொன்னாள், பசை அவளிடம் இருக்கிறதாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை வர வேண்டாம். கார்டு இன்னும் வரவில்லை.

எந்தக் கார்டு என்று தலையைச் சொறிவீர்கள். என் தொழில் உங்களுக்குத் தெரியும். பிறத்தியார் வீட்டுக்கு வரைபடம் போட்டு, கட்டுவதற்கு முன்பே அவர்கள் அதற்குள் நடந்து பார்க்கும்படி கம்ப்யூட்டரில் படமாக்கிக் கொடுப்பது. அந்தப் படத்தைப் போடுவதற்கென்றே பெட்டிக்குள் ஒரு தனிப்பொருள் இருக்கிறது, அதுதான் கிராபிக்ஸ் கார்டு. நீங்கள் செங்கல் அடுக்குகிறீர்கள், அது வெளிச்சத்தை அடுக்குகிறது. ஜன்னல் வழியாக ஒரு கதிர் உள்ளே வந்தால் அது தரையில் பட்டு, அங்கிருந்து சுவரில் பட்டு, சுவரிலிருந்து கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் பட்டு, போகிற இடத்திலெல்லாம் கொஞ்சம் நிறத்தை வாங்கிக்கொண்டு கொஞ்சம் பலத்தை விட்டுவிட்டு, கடைசியில் பார்க்கிறவர் கண்ணுக்கு வந்து சேர வேண்டும். இத்தனையையும் அந்தக் கார்டு கணக்குப் போட்டாக வேண்டும். என்னிடம் இருப்பது பழசு. இரண்டு சுவரைத் தாண்டியதும் அதற்கு மூச்சு வாங்கும். மூன்றாவது சுவருக்குப் பேருக்கு வெள்ளையடித்துவிட்டு உட்கார்ந்துவிடும்.

நம் வீடு ஏழு வருஷமாக இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, மச்சான். நாங்கள் குடியிருப்பது இந்த வாடகை மாடியில். வாழ்வது அந்த வீட்டில். வாசலில் எந்தப் பக்கம் செருப்பு விடுவது என்பதுவரை எங்களுக்குப் பழகிவிட்டது. மாலையில் நான் மானிட்டர் முன்னால் உட்கார்ந்ததும் உங்கள் தங்கை கண்ணாடிக் கடையிலிருந்து வந்து, நாள் முழுக்க லென்ஸ் பொருத்திய கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். கூடத்தைத் தாண்டி மெதுவாக உள்ளே நடப்போம். அந்த வீட்டில் இதுவரை ஒரு குழாய் ஒழுகியது கிடையாது, ஒரு சுவர் விரிசல் விட்டது கிடையாது. அங்கே இருக்கும்போது நாங்கள் குரலைக்கூடத் தாழ்த்தித்தான் பேசுவோம். இரண்டு பேர் சேர்ந்து ஒரே கனவைக் காண முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும், ஆனால் நல்ல கார்டு வேண்டும் என்பேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த மாடியின் சமையலறை உங்களுக்குத் தெரியும், உச்சிப் பகலில் நுழைந்தாலும் கை தானாகச் சுவிட்சைத் தேடும். நிலம் வாங்கிய அன்றைக்கு அவள் சொன்னாள்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. காலைல ஏழு மணிக்கு அடுப்புகிட்ட நிக்கிறப்ப லைட் போடாம இருந்தா போதும்." நான் மகிழ்ச்சியில் வாயை விட்டுவிட்டேன். "அந்த வெளிச்சத்த மொதல்ல உனக்குப் படத்துல காட்டுறேன். அது சரியா விழுற வரைக்கும் ஒரு கல்லும் வைக்க மாட்டேன்" என்றேன். வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் பெட்டிக்குள் என்ன கார்டு இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

பழைய கார்டால் பட்ட பாட்டைச் சொன்னால் நீங்களே என்னைப் பொறுக்கச் சொல்வீர்கள். முதல் வருஷம், குளியலறைக் கண்ணாடிக்கு நேர் எதிரே நடையில் இன்னொரு கண்ணாடியை மாட்டிவிட்டேன். இந்தக் கண்ணாடிக்குள் அந்தக் கண்ணாடி, அதற்குள் இது, அதற்குள் அது என்று கார்டு உள்ளே போனது போனதுதான், மூன்று நாள் திரும்பி வரவில்லை. பெட்டி கொதித்த கொதிப்பில் உங்கள் தங்கை அதன் பின்பக்கம் என் காலுறைகளைக் காயப்போட்டாள். காற்றாடி போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "சார், மாவு மில்லு வெக்கிறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று வருத்தப்பட்டார். அதற்குப் பிறகுதான் தச்சரைக் கூப்பிட்டு, படிக்கட்டுக்கு அடியில் ஒரு மர அலமாரி செய்து, பெட்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். மேஜைக்கு ஒயர் மட்டும்தான் வருகிறது. பெட்டியின் முகத்தைப் பார்த்தே நாளாகிவிட்டது.

அடுத்தது பல் மருத்துவர் வீடு. அவரும் அவர் மனைவியும் படத்தைப் பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். கூடத்தைக் காட்டினேன், படுக்கையறையைக் காட்டினேன், எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. மாடிப்படிக்கு வந்ததும் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "அங்க நிக்கிறது யாரோட நிழல்?" என்றார். பார்த்தால் சுவரில் ஒரு நிழல், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறது. ஆள் இல்லை. அந்த இடத்தில் நான் ஒரு கோட் மாட்டும் கம்பத்தை வைத்து, அழகாக இல்லையென்று நீக்கியிருந்தேன். கம்பம் போய்விட்டது, கார்டு அதன் நிழலை எடுக்க மறந்துவிட்டது. எவ்வளவோ விளக்கிச் சொன்னேன். "கட்டுறதுக்கு முன்னாடியே குடி வந்துட்டாங்களே" என்று அந்த அம்மா எழுந்துவிட்டார். பல் மருத்துவர் இன்றைக்கும் தெருவில் பார்த்தால் வாயைத் திறப்பதில்லை.

இதற்கெல்லாம் ஒரே மருந்து அடுத்த தலைமுறைக் கார்டுதான் என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் அப்போதே சொல்லிவிட்டார். நல்ல மனிதர், விற்பதைவிடத் தடுப்பதில் அக்கறை உள்ளவர். நான் போய் நின்றதும், "இப்ப வாங்காதீங்க சார், கொஞ்சம் பொறுங்க. அடுத்தது வருது" என்பார். பொறுப்பேன். அடுத்தது வரும். வந்ததைப் பார்க்கப் போவேன். "வந்துடுச்சு சார், ஆனா இதுக்கு அடுத்தத பத்தி என்ன சொல்றாங்க தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்துவார். அதற்கப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இப்படி மூன்று தலைமுறை போய்விட்டது, மச்சான். ஒவ்வொன்றும் என் முன்னால் பிறந்து, வயதாகி, தள்ளுபடிக்குப் போனது. நான் ஒருவன்தான் இன்னும் இளமையாகக் காத்திருக்கிறேன்.

வரப்போவது அப்படிப்பட்டதாம். கதிர் பத்துச் சுவரைத் தாண்டினாலும் சோராதாம். கொதிக்கும் பாத்திரத்திலிருந்து எழும் ஆவிக்குள் வெளிச்சம் நுழைந்து, கொஞ்சம் தங்கி, வெளியே வருமாம். திரைச்சீலையின் நூலுக்கும் நூலுக்கும் நடுவில் விழும் வெயிலைக்கூடத் தனித்தனியாகக் காட்டுமாம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஒருவர் நின்றால் காதுமடல் சிவந்து தெரியும் அல்லவா, அதுவும் வருமாம். இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. பகலில் மேஜையில் கையூன்றி உட்கார்ந்தால் போதும், அந்தச் சமையலறைக்குப் போய்விடுகிறேன். ஏழு மணி. தரை இன்னும் குளிர்ந்திருக்கிறது. அறைக்குள் ஒரு சாய்வான வெயில், அதில் தூசி மேலே போவதா கீழே இறங்குவதா என்று தெரியாமல் மிதக்கிறது. உங்கள் தங்கை எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள், காதோரம் சிவந்திருக்கிறது, அவள் எதையோ கிண்டிக்கொண்டே இருக்கிறாள், அது கொதிக்கவும் இல்லை, ஆறவும் இல்லை, மணி ஏழைத் தாண்டவும் இல்லை. எனக்கு அங்கே இருந்து வரவே மனம் இருக்காது. யாராவது தோளைத் தொட்டுக் கூப்பிட்டால் அழுகை வருகிற மாதிரி இருக்கும். தொடுவது பெரும்பாலும் உங்கள் தங்கைதான்.

இந்த மூன்று நாள் சண்டை எப்படி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரப்போகும் கார்டு நீளமாம். முதலில் ஒரு முழம் என்றார்கள். நான் அட்டையில் அதே அளவுக்கு ஒன்று வெட்டிவைத்து, நம் வீட்டுப் படத்தில் என் வேலை அறையின் சுவரை மூன்று அங்குலம் நகர்த்தினேன். அடுத்த மாதம், நீளம் மட்டுமல்ல, தடிமனும் உண்டு, சூடும் உண்டு என்று செய்தி வந்தது. காற்றுக்கு இடம் வேண்டுமே என்று இன்னும் நான்கு அங்குலம். அப்புறம் அதற்கென்று தனியாக ஒரு குளிர்விக்கும் பெட்டி என்றார்கள், ஓர் அடி. சுவருக்கு இந்தப் பக்கம் என் அறை. அந்தப் பக்கம் எந்த அறை என்று நான் யோசிக்கவில்லை. வதந்தி வரவர என் அறை வளர்ந்தது, சமையலறை ஒதுங்கியது. போன திங்கட்கிழமை உங்கள் தங்கை படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "இந்த ஃப்ரிட்ஜ் கதவு ஏன் ஜன்னல்ல போய் முட்டுது?" என்றாள்.

நான் பேச்சை மாற்றினேன். அவள் மாறவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்தாள், சாக்பீஸை எடுத்தாள், இங்கே கூடத்துத் தரையில் அந்தச் சமையலறையை அசல் அளவுக்குக் கோடு போட்டாள். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் போட்டாள். ஒரு பெரிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்குள் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். முழங்கை என் வேலை அறைக்குள் வந்துவிட்டது.

"இதுக்குள்ள நான் திரும்பணும்னா மொதல்ல வெளிய போயி, திரும்பிட்டு, உள்ள வரணும்" என்றாள்.

"அது தற்காலிகம்மா. அடுத்த தலைமுறைக்கு அப்புறம் வர்றது சின்னதா இருக்கும்னு..."

"எத்தன அங்குலம்?" என்றாள். அன்றிலிருந்து அங்குலம்தான். சாப்பாட்டுத் தட்டை எத்தனை அங்குலம் தள்ளி வைக்க வேண்டும் என்று கேட்கிறாள். படுக்கையில் நடுவே ஓர் அடி விட்டிருக்கிறாள். சாக்பீஸ் கோட்டை அழிக்கவும் விடுவதில்லை, நான் கோட்டைச் சுற்றிக்கொண்டு என் வேலை அறை வழியாகத்தான் சாப்பிட வருகிறேன்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லலாம். கம்ப்யூட்டரில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் கடைசியாகச் செய்தது இல்லாமல் போய்விடும். மறுபடி அழுத்தினால் அதற்கு முன்னால் செய்ததும் போய்விடும். இந்த ஏழு வருஷத்தில் நம் வரவேற்பறை பதினோரு தடவை இடம் மாறியிருக்கிறது, யாருக்கும் வலிக்கவில்லை, ஒரு செங்கல் உடையவில்லை. உங்கள் கரணையில் அப்படி ஒரு பொத்தான் இருந்தால் சொல்லுங்கள், திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடலாம். ஜன்னலை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டால் என்ன செய்வது? தினமும் காலையில் ஏழு மணிக்கு அந்த ஒரு சாணை நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். அதை என்னால் பார்க்க முடியாது, மச்சான்.

அவசரப்படாமல் நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறேன். போன வாரம் வெளியூர் வேலையாக இரண்டு நாள் போய் வந்ததிலிருந்து இருப்பதை வைத்தே வெளிச்சத்தைப் பிடிக்க இன்னொரு தடவை முயன்று பார்க்கிறேன். பெட்டி முன்னைப்போல் சத்தம் போடுவதில்லை. உங்கள் தங்கை தூசி தட்டியிருப்பாள், அல்லது அதற்கும் வயதாகி அடங்கிவிட்டது. ஜன்னலை உயர்த்தினேன், இறக்கினேன். சுவர் நிறத்தை நாற்பது தடவை மாற்றினேன். படம் வந்துகொண்டே இருக்கிறது, வெளிச்சம்தான் சரியில்லை. என்ன சரியில்லை என்று உங்கள் தங்கை கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. தொட்டியின் ஓரத்தில் ஒரு மஞ்சள், அது அங்கே அவ்வளவு வரக்கூடாது, அல்லது இன்னும் கொஞ்சம் வர வேண்டும். "இது கார்டோட கோளாறு, பழசுக்கு இவ்வளவுதான் வரும்" என்றேன். அவள் படத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அங்குலம் எதுவும் பேசாமல், என் தலையில் கை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் என்னைத் தன் கண்ணாடிக் கடைக்கு வரச்சொல்லி, நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாள். கடைசி வரிவரை படித்தேன்.

ஆகவே மச்சான், என் பணிவான வேண்டுகோள், இன்னும் கொஞ்சம் பொறுங்கள். கடைக்காரர் இந்த மாதக் கடைசி என்கிறார். கார்டு வந்ததும் வெளிச்சம் விழும், வெளிச்சம் விழுந்ததும் நானே வண்டி பிடித்து வந்து உங்களைக் கையோடு கூட்டிவருகிறேன். என்மேல் கோபம் வேண்டாம். கோபம் வந்தால் உங்கள் தங்கையிடம் சொல்லாமல் நேரே என்னிடம் வந்து திட்டுங்கள். அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் அன்பையும் சொல்லுங்கள். நீங்கள் எழுப்பும் சுவரெல்லாம் தூக்குக்குண்டு மெச்சும்படி நிமிர்ந்து நிற்கட்டும். உங்கள் ஆட்கள் கை, கால் சேதமில்லாமல் வேலை முடித்து இறங்கட்டும்.

இப்படிக்கு,
வெயிலுக்குக் காத்திருக்கும்
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: பள்ளிக்கூட வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டால் அதையே முதலில் முடியுங்கள். இரண்டு வருஷம் ஒன்றும் பெரிதில்லை. இன்று காலை கடைக்காரரைத் தெருவில் பார்த்தேன். இப்போது வரப்போவதைக்கூட அவசரப்பட்டு வாங்க வேண்டாமாம். அதற்கும் அடுத்தது ஒன்று இருக்கிறதாம்.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: அண்ணா, நான்தான். மேல எழுதியிருக்கிற எதையும் கணக்குல எடுத்துக்காத. திங்கக்கிழமை வா.

அவர் சொல்ற அந்தக் கார்டு வந்து மூணு வாரம் ஆச்சு. கடைக்காரர் அவரைப் பொறுக்கச் சொல்லிட்டு எங்கிட்ட வித்துட்டாரு. இவரு வெளியூர் போன அந்த ரெண்டு நாள்ல கடைக்காரரையே வரவெச்சு அலமாரியத் தொறந்து மாட்டிட்டேன். இவரு பிறந்த நாளைக்குச் சொல்லலாம்னு, அதுவரைக்கும் வாயத் தொறக்க வேணாம்னு கடைக்காரர்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். ஒரு வாரமா இவரு பழசு பழசுன்னு திட்டிட்டு இருக்காரே, அது அந்தப் புதுசத்தான்.

நான் அந்தப் படத்தைப் பாத்தேண்ணா. வெயில் அடுப்புல விழுந்து, தொட்டிய தாண்டி, செவுத்துல ஏறி நிக்குது. அப்படியே கைய நீட்டினா சுடும்போல இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இவரு சரியில்லங்கறாரு. கண்ணையும் சோதிச்சுட்டேன், அதுல ஒரு குறையும் இல்ல. இவருக்குக் கார்டும் வேணாம், வெளிச்சமும் வேணாம், பயந்தான்னு அப்பத்தான் புரிஞ்சுது. எனக்குத் தப்பா ஒண்ணு கட்டிக் குடுத்துடுவோமோன்னு ஏழு வருஷமா பயந்துட்டு இருக்காரு. இது தெரியாம மூணு நாளா அங்குலத்துல பேசி வதைச்சுட்டேன்.

கார்டு விஷயத்தை நீ சொல்லிடாத. நான் பக்குவமா சொல்லிக்கறேன். சமையலறைய மொதல் வரைபடத்துல இருக்கற அளவுக்கே தோண்டு, அந்தத் தாள் எங்கிட்ட பத்திரமா இருக்கு. ஜன்னல் ஒரு சாண் தள்ளிப்போனாலும் பரவாயில்ல, நான் ஒரு சாண் தள்ளி நின்னு சமைச்சுக்குவேன். வந்ததும் மொதக் கல்ல அவரு கையிலயே குடு. இன்னும் ரெண்டு அங்குலம் தள்ளலாமான்னு கேப்பாரு. நான் பக்கத்துல நிக்கிறேன்.